கடற்கரைப் பொருள்களில் கைவினை: அவசரத்தால் நேரும் தவறுகள்

வாடைக்காற்று அடங்கிய பின்னர் இலங்கையின் அளம்பில், செம்மலை, முல்லைத்தீவுக் கரைகளில் நடந்தால் சோகி, சிப்பி, உப்பூறிய மரக்கட்டை என எத்தனையோ பொருள்கள் ஒதுங்கிக் கிடக்கும். அவற்றைக் கொண்டு செய்த பொருள் சில மாதங்களிலேயே நாறுவதற்கும் உதிர்வதற்கும் பெரும்பாலும் கைத்திறனின் குறை காரணமன்று; பொறுக்கிய நாளிலேயே செய்து முடிக்கும் அவசரமே காரணம்.

வெறுமையாகத் தோன்றும் சங்கை அப்படியே பைக்குள் போடுவது முதல் தவறு. அதை நிழலில் கவிழ்த்து வைத்துச் சற்றுப் பொறுத்திருந்தால், உள்ளே குடியிருக்கும் நண்டு கால்களை ஒவ்வொன்றாக வெளியே நீட்டுவதைக் காணலாம். அத்தகைய சங்கை அங்கேயே விட்டுவிட வேண்டும். உயிருள்ள கூம்பு வடிவச் சங்குகளில் சிலவற்றின் நஞ்சு மனிதரையே கொல்லக்கூடியது என்பதால், அவற்றைக் கையில் எடுக்கவே கூடாது. ஆமையோடும் முருகைக்கல்லும் சட்டத்தால் காக்கப்பட்டவை. நந்திக்கடல், நாயாறு என்னும் களப்புகள் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாகவும், கொக்கிளாய்க் களப்பு 1951இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டவை என்பதால், அங்கே அனுமதியின்றி எதையும் பொறுக்கலாகாது.

2009 வரை போர் நடந்த மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் உலோகத் துண்டு தென்பட்டால், அது வலையின் ஈயக்குண்டா, வெடிக்காத எறிகணையா என்று கிளறிப் பார்க்காமல் விலகிச் சென்று பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளைகளைச் சிப்பி பொறுக்க அனுப்புவோர் இதை அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் கெடுப்பது உப்பு. நான் முதன்முதலில் செய்த படச்சட்டத்தின் மரம் தொடுவதற்கு நன்றாகக் காய்ந்திருந்ததால், கழுவாமலே வார்னிஷ் பூசினேன். மாரி தொடங்கியதும் மரத்துக்குள் இருந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்க, பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. நகத்தால் கீறியபோது அதனடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. மரத்தை நாள்தோறும் தண்ணீர் மாற்றி ஓரிரு வாரங்களாவது ஊறவிட வேண்டும். அந்தத் தண்ணீர் உவர்க் கிணற்றினதாக இருந்தால் பயனில்லை; கரையோர வீடுகளில் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சேமித்த மழைநீரே நல்லது. ஊறிய மரத்தை நிழலில் உலர்த்திப் பார்த்து, வெண்மை பூத்தால் மீண்டும் ஊறவிட வேண்டும்.

சிப்பியை வெளுக்கச் செய்வதற்காகத் தேசிக்காய்ப் புளியிலோ வினாகிரியிலோ போடுவதும் தவறு. சிப்பி சுண்ணாம்புப் பொருளால் ஆனது. புளிப்புப் பட்டவுடன் குமிழ் விட்டுக் கரையத் தொடங்கி, மினுக்கம் போய்ச் சுவர்ச் சுண்ணாம்பு போலாகிவிடும். சோகியைக் கொதிக்க வைத்தாலும் பளபளப்பு மங்கும். சவர்க்கார நீரும் பழைய பற்தூரிகையும் போதும்.

துளையிடும்போது சிப்பியை உலர்ந்த நிலையில் துளைத்தால், எழும் நுண்தூள் நெஞ்சுக்குள் போவதோடு, சூடேறிச் சிப்பியும் வெடிக்கும். தட்டில் சிறிது நீர் விட்டு, சிப்பியை அதில் நனைய வைத்து, முகக்கவசம் அணிந்து, ஊசி போன்ற மெல்லிய அலகால் உட்புறத்திலிருந்து அழுத்தாமல் மெதுவாகத் துளைக்க வேண்டும்.