வீட்டில் மழை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மொட்டை மாடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, "எங்க ஏரியாவுல 20 சென்டிமீட்டர்" என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல ஆர்வம்தான். தெருவுக்குத் தெரு மழை மாறும் நம் ஊர்களில் இன்னும் நிறையப் பேர் அளக்க வேண்டும். ஆனால் பக்கத்து ஊர் அளவோடு ஒப்பிட முடியாத எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முதல் சிக்கல் பாத்திரம். பக்கெட்டுக்கு வாய் அகலம், அடி குறுகல். ஸ்கேலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தால், பெய்ததைவிடக் கூடுதலாகவே காட்டும். பக்கெட்தான் இருக்கிறதென்றால் ஆழத்தை விட்டுவிடுங்கள்; சேர்ந்த தண்ணீரை அளந்து, வாயின் பரப்பால் வகுங்கள். வாயின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. ஒரு லிட்டர், அதாவது 1000 கன செ.மீ. தண்ணீர் சேர்ந்திருந்தால், மழை சுமார் 3.2 செ.மீ., அதாவது 32 மி.மீ.

கிராமத்தில் "ரெண்டு உழவு மழை" என்பார்கள். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்த்துச் சொல்லும் கணக்கு அது, விதைக்கிறவருக்கு மி.மீ. கணக்கைவிட அதுதான் உதவும். அதை மி.மீட்டருக்கு மாற்ற மட்டும் முயல வேண்டாம். செம்மண்ணில் இறங்குவதுபோல் கரிசலில் தண்ணீர் இறங்காது.

மழைமானியே வாங்கிவிட்டவர்கள் வேறோர் இடத்தில் சறுக்குகிறார்கள். மானியோடு வரும், மி.மீ. குறியிட்ட அளவுக் குடுவை உடைந்துவிட்டால், அதற்குப் பதிலாகக் கிடைத்த குடுவையை வைத்துக்கொள்வார்கள். 100 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 1 மி.மீ. மழை என்பது 10 மி.லி. தண்ணீர், 200 சதுர செ.மீ. வாயென்றால் 20 மி.லி. பெரிய மானியின் குடுவையைச் சின்ன மானிக்குப் பயன்படுத்தினால், பெய்ததில் பாதிதான் கணக்கில் வரும். சரியான குடுவை இல்லையா? மி.லி. குறியிட்ட சாதாரணக் குடுவையில் அளந்து, வாயின் பரப்பால் வகுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், இடம். மாடியில் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும், கைப்பிடிச்சுவரும் மறைக்கும். மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சமமட்டமாக இருக்கட்டும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். புனலில் இலை அடைத்திருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை போதும்.

நேரம்தான் பலரும் கவனிக்காதது. வானிலைத் துறைக்கு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அளக்கும் நாளின் தேதியில்தான் பதிவாகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. மழை 18-ம் தேதிக் கணக்கில் இருக்கிறது. அந்த 24 மணி நேரம் தொடங்கியது 17-ம் தேதி காலையில். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை அளப்பவரின் எண் இதோடு எப்படிப் பொருந்தும்?

அப்படிக் கொட்டும் மழையில் மானி நிரம்பி வழிந்துவிடும். வழிவதற்கு முன்பே அளந்து, குறித்துவைத்து, கொட்டிவிடுங்கள், காலை 8.30 அளவோடு கூட்டிக்கொள்ளலாம். குடுவையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீரின் மேற்பரப்பு வளைந்து தெரியும் இடத்தில் அந்த வளைவின் அடிப்பகுதியைப் படியுங்கள்.

மழை பெய்யாத நாளில் 0 என்று எழுத வேண்டும்; அளக்காத நாளுக்கு 0 போடக் கூடாது. மூன்று நாள் வெளியூர் போய்வந்து அளந்தால், "மூன்று நாள் மழை சேர்த்து" என்று குறித்து ஒரே எண்ணாக எழுதுங்கள். மூன்றாகப் பிரித்துப் போட வேண்டாம்.