பிரசவ வலி நிவாரணம்: ஆய்வுகளைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் கடைசியில் சிசேரியன்தான்." "அந்த ஊசி போட்டவர்களுக்கு ஆயுசுக்கும் முதுகுவலி." "எபிடியூரல் போட்டுப் பெற்ற பிள்ளைக்கு ஆட்டிசம் வருமாம்." எபிடியூரல் என்பது பிரசவ வலியைக் குறைக்க முதுகில் மரப்பு மருந்து செலுத்தும் அந்த ஊசிதான். இந்த மூன்றையும் வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் மருத்துவ இதழில் அச்சான ஓர் ஆய்வு இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் அதைப் படித்த விதத்தில் நேர்ந்தது. அதன் விலையைக் கொடுப்பவள், இடுப்பு வலியில் துடித்துக்கொண்டு "வலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு, "வேண்டாம்மா, பின்னால் கஷ்டப்படுவாய்" என்ற பதிலைப் பெறுகிற பெண். அதனால் இதைச் சற்று பொறுமையாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

போட்டவர்களையும் போடாதவர்களையும் அப்படியே ஒப்பிடுவது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரு மருத்துவமனையின் பிரசவப் பதிவேட்டை எடுத்து, எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன், போடாதவர்களில் எத்தனை பேருக்கு என்று எண்ணினால், போட்டவர்கள் பக்கம்தான் அதிகம் வரும். ஆனால் எபிடியூரல் கேட்பவர்கள் யார்? தலைப்பிரசவக்காரிகள். குழந்தை பெரிதாக இருப்பவர்கள். குழந்தையின் தலை சரியாகத் திரும்பாதவர்கள். கருப்பை வாய் மெதுவாகத் திறப்பதால் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் சொட்டுமருந்து ஏறிக்கொண்டிருப்பவர்கள். இவர்களுக்கு வலி கடுமை, நேரமும் நீளும். ஆகவே ஊசி கேட்கிறார்கள். அதே காரணங்களால்தான் இவர்களில் பலருக்குச் சிசேரியனும் தேவைப்படுகிறது. மளமளவென்று மூன்று மணி நேரத்தில் பெற்றுவிடுகிறவளுக்கு மயக்க மருத்துவரை அழைக்கவே நேரம் இருக்காது. அவள் "போடாதவர்கள்" கணக்கில் சேர்ந்து அந்தக் கணக்கை நன்றாகக் காட்டிவிடுவாள்.

இந்தச் சிக்கலைக் கடக்கத்தான் சமவாய்ப்புச் சோதனைகள் வந்தன. யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரோ தாயோ தீர்மானிக்காமல், குலுக்கல் போல ஒதுக்குகிறார்கள். அப்போது கடினமான பிரசவங்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக விழும்.

ஆனால் சமவாய்ப்புச் சோதனை என்ற பெயர் இருந்துவிட்டால் மட்டும் போதாது. 1993இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். மொத்தம் 93 பெண்கள், எல்லோருக்கும் தலைப்பிரசவம். எபிடியூரல் குழுவில் 48 பேரில் 12 பேருக்குச் சிசேரியன். மற்ற குழுவில் 45 பேரில் ஒரே ஒருவருக்கு. 25 சதவீதத்துக்கு எதிரே 2 சதவீதம். இந்த எண்கள் பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டன. அந்தச் சோதனை மிகச் சிறியது. வித்தியாசம் பெரிதாகத் தெரிந்ததும் இடையிலேயே நிறுத்தப்பட்டது. தற்செயலாக எண்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் நேரத்தில் நிறுத்தினால், அந்தச் சாய்வே முடிவாகப் பதிவாகிவிடும். போதாக்குறைக்கு, யாருக்கு எபிடியூரல் என்பதை மறைக்கவே முடியாது. சிசேரியன் செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் மருத்துவருக்கும் அது தெரியும்.

பிறகு பெரிய சோதனைகள் வந்தன. 2018இல், மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 40 சோதனைகளை, 11,000க்கும் மேற்பட்ட பெண்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை. அதைவிட என்னைக் கவர்ந்தது ஹவாயிலுள்ள டிரிப்ளர் ராணுவ மருத்துவமனையின் அனுபவம். 1993 வரை அங்கே ஏறத்தாழ ஒரு சதவீதப் பெண்களுக்கே எபிடியூரல் கிடைத்தது. கேட்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ராணுவத் துறை விதியை மாற்றியதும், ஓராண்டுக்குள் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. மருத்துவமனை அதே, அங்கே வரும் பெண்களும் அதே வகையினர். சிசேரியன் விகிதம் மட்டும் அசையவில்லை. ஊசிதான் சிசேரியனை உண்டாக்குகிறது என்றால், அங்கே அது கிடுகிடுவென ஏறியிருக்க வேண்டும்.

"கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறக்கும்வரை பொறுத்துக்கொள்" என்ற அறிவுரைக்கும் இதே கதிதான். சீனாவின் நான்ஜிங் நகரில் 12,793 தலைப்பிரசவப் பெண்களை வைத்துச் செய்த சோதனை 2009இல் வெளியானது. சீக்கிரமே போட்டுக்கொண்டவர்களில் 23.2 சதவீதம், காத்திருந்து போட்டுக்கொண்டவர்களில் 22.8 சதவீதம் சிசேரியன். வித்தியாசம் இல்லை. காத்திருந்த பெண்களுக்குக் கிடைத்தது கூடுதல் வலி மட்டுமே. தாய் கேட்பதே வலி நிவாரணம் கொடுக்கப் போதுமான மருத்துவக் காரணம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2006இல் எழுதியது. இன்னும் சென்டிமீட்டர் கணக்குச் சொல்லிப் பெண்களைக் காக்க வைப்பதற்கு ஆதாரம் இல்லை.

ஒதுக்கியதை விட்டு, பெற்றதை எண்ணுவது

டாலஸ் நகரில் 1,330 பெண்களை வைத்து நடந்த ஒரு சோதனை 1995இல் வெளியானது. அதில் மூன்றில் ஒருவருக்கு, ஒதுக்கப்பட்ட சிகிச்சை கிடைக்கவில்லை. சிலர் அதற்குள் பிரசவித்துவிட்டார்கள். சிலர் மனம் மாறினார்கள். ஒதுக்கியதை ஒழுங்காகப் பெற்றவர்களை மட்டும் எண்ணியபோது எபிடியூரல் குழுவில் சிசேரியன் இரண்டு மடங்குக்கு மேல் தெரிந்தது. எல்லோரையும் அவரவர்க்கு முதலில் ஒதுக்கிய குழுவிலேயே வைத்து எண்ணியபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. காரணம் வேறொன்றும் இல்லை. கடினமான பிரசவம் உள்ளவள் குழு மாறுவாள், எளிதாகப் பெறுபவள் எதுவும் கேட்காமலேயே விலகிக்கொள்வாள். குலுக்கலின் பயன் முழுவதும் அங்கேயே கெட்டுவிடும். ஓர் ஆய்வைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இந்த ஒன்றைத்தான்: எத்தனை பேர் குழு மாறினார்கள், அவர்களை எங்கே சேர்த்தார்கள்?

பழைய மருந்தின் முடிவை இன்றைய மருந்தின் மேல் ஏற்றுவது

முப்பது ஆண்டுகளுக்கு முன் எபிடியூரல் என்றால் செறிவு மிகுந்த மரப்பு மருந்து. வலி போகும், கூடவே கால்களும் மரத்துப்போகும், முக்கவும் முடியாது. இப்போது பல இடங்களில் குறைந்த செறிவில் மரப்பு மருந்தும், அத்துடன் ஃபென்டனில் போன்ற வலிமருந்து ஒன்றும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் நடந்த 'காமெட்' சோதனை 2001இல் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. பழைய முறையில் 35 சதவீதப் பெண்கள் ஆயுதத்தின் (குழந்தையை வெளியே இழுக்கும் கருவியின்) உதவியில்லாமல் இயல்பாகப் பெற்றார்கள். குறைந்த செறிவில் 43 சதவீதம். காக்ரேன் தொகுப்பிலும், ஆயுதப் பிரசவம் கூடுதலாக இருந்தது பெரும்பாலும் பழைய சோதனைகளில்தான். 2005க்குப் பின் வந்தவற்றில் அது தெரியவில்லை. ஆகவே ஒரு சதவீதத்தைப் படித்தால், எந்த ஆண்டு, என்ன மருந்து, எவ்வளவு செறிவு என்றும் பார்க்க வேண்டும்.

எபிடியூரலுக்குப் பக்கவிளைவே இல்லை என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்த அழுத்தம் குறையலாம், காய்ச்சல் வரலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம், முக்கும் நேரம் நீளலாம். ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு ஊசி தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையைத் தவறுதலாகத் துளைத்துவிடும். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உட்கார்ந்தால், நின்றால் தாங்க முடியாத தலைவலி வரும். இவற்றைச் சொல்லித்தான் சம்மதம் கேட்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது கேட்காமல், கர்ப்பகாலப் பரிசோதனைகளிலேயே பேசிவைப்பது நல்லது.

சரி என்று தோன்றுவதே சரி என்று நம்புவதும் இதோடு சேர்ந்ததுதான். எபிடியூரல் போட்ட தாய் முக்கும் கட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் குழந்தை எளிதில் இறங்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். 2017இல் வெளியான 'பம்ப்ஸ்' சோதனையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். நிமிர்ந்திருந்தவர்களில் 35 சதவீதம் இயல்பாகப் பெற்றார்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தவர்களில் 41 சதவீதம்.

நினைவை ஆதாரமாகக் கொள்வது

முதுகுவலிப் பயத்தின் வேர் பர்மிங்காமில் நடந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வு. பிரசவித்துப் பல ஆண்டுகள் ஆன 11,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டார்கள். எபிடியூரல் போட்டவர்கள் அதிகமாக முதுகுவலி சொன்னார்கள். ஆனால் குழந்தையைத் தூக்கி, குனிந்து, குளிப்பாட்டி, பால் கொடுத்து வளர்க்கும் எந்தத் தாய்க்கும் முதுகு வலிக்கத்தான் செய்யும். முதுகில் ஊசி போட்ட நினைவு இருப்பவள் இரண்டையும் இணைத்துப் பார்ப்பாள். பிற்பாடு, சமவாய்ப்பு முறையில் பிரித்த பெண்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. இரண்டு குழுவிலும் முதுகுவலி ஒரே அளவுதான். 1990 ஆய்வை நடத்திய கிறிஸ்டின் மெக்கார்தரே பின்னர் 'காமெட்' சோதனைக்கும் தலைமை தாங்கினார். ஆராய்ச்சி தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது. முதல் செய்தியோடு நின்றுவிட்டவர்கள்தான் இன்னும் பழைய பயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டிசம் விவகாரம் 2020 அக்டோபரில் கிளம்பியது. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 1,48,000 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு, எபிடியூரல் போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆபத்து 37 சதவீதம் கூடுதல் என்றது. தலைப்பில் 37 நின்றது. உள்ளே இருந்த எண்கள் 1.9 சதவீதமும் 1.3 சதவீதமும். அதாவது ஆயிரத்தில் 19 பிள்ளைகளுக்கு எதிரே 13. அந்தச் சிறிய வித்தியாசத்துக்கும் எபிடியூரல்தான் காரணம் என்று அந்த ஆய்வால் நிறுவ முடியாது, ஏனென்றால் அதுவும் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டதுதான். அடுத்த ஆண்டே கனடாவிலும் டென்மார்க்கிலும் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிடுவது உள்ளிட்ட கூடுதல் கவனத்துடன் செய்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு மிகவும் மெலிந்தது, அல்லது மறைந்தே போனது. அவற்றுக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கவில்லை.

இதே கண்டிப்பை நமக்குப் பிடித்த முடிவுகளிடமும் காட்ட வேண்டும். 2024இல் ஸ்காட்லாந்தில் 5,67,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்த ஆய்வு, எபிடியூரல் போட்டவர்களுக்குக் கடுமையான பிரசவச் சிக்கல்கள் 35 சதவீதம் குறைவு என்றது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதுவும் பதிவேட்டு ஆய்வு. ஊசி போட்டவர்களை அருகிலிருந்து அதிகம் கவனித்ததாலேயே சிக்கல்கள் குறைந்திருக்கலாம்.

அமைதியை நிவாரணம் என்று எண்ணுவது

இந்தத் தவறு என்னை மிகவும் வருத்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில், ஸ்கோபோலமினும் மார்ஃபினும் சேர்த்துக் கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண்கள் கண்விழித்தபோது எதுவும் நினைவில்லை. வலியே இல்லாத பிரசவம் என்று உலகம் கொண்டாடியது. உண்மையில் அந்தப் பெண்கள் வலியில் கத்தியிருக்கிறார்கள், திமிறியிருக்கிறார்கள். மருந்து அழித்தது நினைவை.

அந்தத் தவறு முழுவதும் போய்விடவில்லை. பெத்திடின் என்ற வலிமருந்து ஊசி போட்ட தாய் கண்ணை மூடிக் கிடப்பாள். அறையில் இருப்பவர்கள் நிம்மதியடைவார்கள். 1996இல் ஸ்வீடனில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, அப்படிக் கிடந்த பெண்களிடமே வலி எவ்வளவு என்று கேட்டது. தூக்கக்கலக்கம் ஏறியிருந்தது; வலி மதிப்பெண்ணோ பெரிதாக இறங்கவில்லை. ஆகவே ஓர் ஆய்வில் வலியை அளந்தது யார் என்று பாருங்கள்: தாயா, அருகில் நின்றவரா? எப்போது கேட்டார்கள், வலி உச்சத்திலா, அடங்கிய இடைவெளியிலா, மறுநாளா? 2018இல் வெளியான 'ரெஸ்பைட்' சோதனை இதற்கு ஒரு நல்ல வழியைக் கையாண்டது. பெத்திடின் ஊசி போட்டவர்களில் 41 சதவீதம் பேர் பிறகு எபிடியூரலுக்கு மாறினார்கள். பொத்தானை அழுத்தித் தானே ரெமிஃபென்டனில் என்ற வலிமருந்தைச் செலுத்திக்கொண்டவர்களில் 19 சதவீதம். எந்த மருந்து போதவில்லை என்பதைப் பெண்களின் முடிவே காட்டியது. ரெமிஃபென்டனிலில் ஆக்ஸிஜன் அளவு குறைவது அதிகம் என்பதால், ஒருவர் அருகிலேயே இருந்து கவனித்தாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வலி மதிப்பெண் குறைந்துவிட்டால் தாய் திருப்தியடைந்துவிடுவாள் என்பதும் நிச்சயமில்லை. கவனிப்பவர்கள் நடத்திய விதமும், முடிவுகளில் தன்னைக் கேட்டார்களா என்பதும் திருப்தியை வலியைவிட அதிகமாகத் தீர்மானிக்கின்றன என்று 2002இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. பிரசவம் முழுவதும் ஒருவர் கூடவே இருந்தால் வலிமருந்தின் தேவையும் சிசேரியனும் குறைகின்றன என்பதற்குச் சமவாய்ப்புச் சோதனைகளின் ஆதாரமே இருக்கிறது. தாய் விரும்பும் துணையை அனுமதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததும் அதனால்தான்.

குழந்தை பிறந்ததும் வலியும் முடிந்தது என்று நினைப்பது

தையல் போட்ட இடம், சிசேரியன் வெட்டு, பால் கொடுக்கும்போதெல்லாம் கருப்பை இழுத்துச் சுருங்கும் வலி. இந்தக் கடைசி வலி அடுத்தடுத்த பிள்ளைக்குக் கூடும். "முதல் பிள்ளைக்கு இப்படி வலிக்கவில்லையே" என்று சொல்பவளை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

2008இல் 1,288 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வில், பிரசவித்த முதல் 36 மணி நேரத்தில் கடும் வலி இருந்தவர்களிடம், எட்டு வாரத்தில் தொடரும் வலியும் மனச்சோர்வும் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இருந்தன. சுகப்பிரசவமா சிசேரியனா என்பது அதில் முக்கியமாக இல்லை. வலியைக் குறைத்தால் மனச்சோர்வு வராது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. கடும் வலி சொல்பவளை இன்னும் அருகிலிருந்து கவனிக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி.

சிசேரியனுக்குப் பின் வலி வந்தபிறகு கேட்டு வாங்கும் மாத்திரையைவிட, பாராசிட்டமாலும் இப்யூபுரோஃபென் வகை மருந்தும் நேரம் தவறாமல் கொடுப்பதுதான் இன்று பரிந்துரைக்கப்படும் முறை. சிறுநீரகக் கோளாறு, அல்சர், அதிக ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கு இரண்டாவது மருந்து பொருந்தாமல் போகலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் தாய்மார் அறிய வேண்டியது: இவை இரண்டும் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே சேர்கின்றன. எச்சரிக்கை தேவைப்படுவது கோடீன், டிராமடால் என்ற வலிமருந்துகளிடம். சிலரின் உடல் அவற்றை மிக வேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடுவதால், குழந்தையின் மூச்சு மந்தமாகக்கூடும். பாலூட்டும் தாய்மாருக்கு அவை வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அறிவித்தது. மருந்துச் சீட்டில் அந்தப் பெயர்கள் இருந்தால், மாற்று இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.