கொல்லிமலைச் சாலையில் ஓடி ஏறுபவர்களுக்கு

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஓடி ஏற நினைப்பவர்கள் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிட்டு வளைவுகளை எண்ணுங்கள். இரண்டு வளைவுகளுக்கு மெல்லோட்டம், அடுத்த வளைவு வரை வேக நடை என்று முதலிலிருந்தே பிரித்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டிய பிறகு நடப்பதில் பயனில்லை; அதற்குள் கால் கனத்துவிடும்.

வளைவின் உட்புறம் குறுக்குவழி போலத் தெரியும், ஆனால் சரிவு அங்கேதான் மிக அதிகம். வெளிப்புறமாகச் சுற்றினால் பத்தடி கூடும், கெண்டைக்கால் பிழைக்கும். ஹாரன் கேட்டால் மட்டும் ஓரமாக நின்றுவிடுங்கள். பஸ் திரும்பச் சாலை முழுவதும் தேவைப்படும். காதில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

குனிந்து தரையைப் பார்த்து ஓடாதீர்கள். அடியைச் சுருக்கி, கையை நன்றாக வீசினால் போதும். விடியற்காலையில் கிளம்புங்கள். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம், குரங்குகள் உங்களைவிட வேகமானவை!

மேலே சேர்ந்ததும் வந்த வழியே ஓடி இறங்கும் ஆசை வரும். தொடையையும் முழங்காலையும் பதம் பார்ப்பது அந்த இறக்கம்தான். மலைமேல் உள்ள செம்மேடு ஊரில் ஒரு டீ குடித்துவிட்டு பஸ்ஸில் இறங்குங்கள்.