நேப்பிள்ஸ் பீட்சாவுக்குப் பூரிக்கட்டை வேண்டாம்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணி பீட்சாவை வீட்டில் செய்வதானால், முதலில் பூரிக்கட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். எட்டு மணி நேரமாவது புளித்து மாவுக்குள் சேர்ந்த காற்றை அது ஒரே தேய்ப்பில் வெளியேற்றிவிடும். நேப்பிள்ஸில் 1984இல் தொடங்கிய பீட்சா சங்கத்தின் விதிப்படியும் கையால்தான் விரிக்க வேண்டும். உருண்டையின் நடுவில் விரல்நுனிகளை வைத்து ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். கடைசி 2 செ.மீ.யைத் தொடவே கூடாது. அங்கே ஒதுங்கிய காற்றுதான் சூட்டில் உப்பி, கறுப்புப் புள்ளிகளோடு அந்தத் தடித்த விளிம்பாகிறது.

மாவில் எண்ணெயோ சர்க்கரையோ கிடையாது. நேப்பிள்ஸில் விறகடுப்பின் தளமே 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காயும்; 60 முதல் 90 நொடியில் பீட்சா வெளியே வந்துவிடும். வீட்டு ஓவனில் அவ்வளவு சூடு ஏது? கனமான இரும்பு தோசைக்கல்லை (மரக்கைப்பிடி இல்லாதது!) உள்ளே வைத்து, முழுச் சூட்டில் முக்கால் மணி நேரம் காயவிட்டு அதன்மேல் போடுங்கள். ஏழெட்டு நிமிடம் ஆகும், பரவாயில்லை.

அப்புறம், தக்காளியை வேகவைக்காதீர்கள். தோலுரித்துக் கையால் நசுக்கி உப்புப் போட்டால் சரி. மொசரெல்லா சீஸை நறுக்கி அரை மணி நேரம் வடிகட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் நீர்விட்டு நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும்.