ராத்திரியில் ஒழுகும் தண்ணீரைக் கண்டுபிடிக்க

படுக்கும் முன் மோட்டாரை நிறுத்தி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்குள் மறுபடி அளங்கள். 1.1 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கியிருந்தால் சுமார் 9.5 லிட்டர் போயிருக்கிறது.

முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க் மேல்தான். சத்தமே இல்லாமல் ஒழுகும். அதில் சில சொட்டு நீல மை விட்டு, 30 நிமிடம் ஃப்ளஷ் செய்யாதீர்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் டேங்க் மட்டத்தைப் பாருங்கள். டேங்கினுள் நிற்கும் உபரிநீர்க் குழாயின் (மிஞ்சும் நீரைக் கோப்பைக்கு விடும் குழாய்) வாய்வரை தண்ணீர் நின்றால், மட்டம் 2 செ.மீ. கீழே வரும்படி மிதவையைத் தாழ்த்துங்கள்.

மட்டம் சரியென்றால் காரணம் அடி வாஷர்தான், அதாவது டேங்கின் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் ரப்பர். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் அது உட்காரும் இடத்தில் வெள்ளைப் படிவு கட்டி, இடைவெளி விட்டுவிடும். வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் விறைத்திருந்தால் துடைத்துப் பயனில்லை; பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள், கண்மதிப்பில் வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது.