வீட்டு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஸ்டேஷன்: எர்த் எத்தனை ஓம் என்று அளப்பது எப்படி?

மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் ராடிலும் (எர்த்துக்காக மண்ணில் அடித்த உலோகத் தடி) மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தால் ஏதோ ஓர் எண் காட்டும். நம்பாதீர்கள். ஈர மண்ணில் இரண்டு உலோகம் என்றால் அதுவே குட்டி பேட்டரி. ப்ரோபை மாற்றிப் பிடித்தால் ரீடிங்கும் மாறிவிடும். இதற்கு ஏசி மின்னோட்டம் செலுத்தி அளக்கும், ஈ, பி, சி என்று மூன்று முனையுள்ள எர்த் டெஸ்டர்தான் வேண்டும். விலைக்கு வாங்க வேண்டியதில்லை, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் ஒருநாள் இரவல் கேளுங்கள்.

ராடு 3 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

1. ரிக்கை (ரேடியோ கருவியை) அணைத்து ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு, ராடில் மாட்டியிருக்கும் எர்த் கம்பியைப் பிரியுங்கள். பிரிக்காவிட்டால் வீட்டு எர்த்தும் சேர்ந்து ரீடிங் பொய்யாகக் குறையும். இடி மின்னல் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

2. ராடிலிருந்து 30 மீட்டரில் சி முனைக்கான ஸ்பைக்கை (மண்ணில் குத்தும் சிறு இரும்பு முளை) அடியுங்கள்; அதே நேர்கோட்டில் 18.6 மீட்டரில், அதாவது 62 சதவீதத்தில், பி முனைக்கான ஸ்பைக். ஓரடி ஆழம் இறங்கினால் போதும். வழியில் புதைந்த இரும்புக் குழாய் ஓடினால் திசையை மாற்றுங்கள்.

3. ஈ முனையை ராடிலும், பி, சி முனைகளை அந்தந்த ஸ்பைக்கிலும் மாட்டி, பட்டனை அழுத்தி ரீடிங்கைக் குறியுங்கள்.

4. பி ஸ்பைக்கை மட்டும் பிடுங்கி 15.6, 21.6 மீட்டரில் அடித்து மறுபடி அளங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நடு ரீடிங்தான் விடை. பி தள்ளத் தள்ள எண் ஏறிக்கொண்டே போனால் சி ஸ்பைக் ராடுக்கு மிக அருகில் இருக்கிறது. இன்னும் தள்ளி அடியுங்கள்.

ரீடிங் நிலையில்லாமல் ஆடினால் ஸ்பைக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றலாம். ராடைச் சுற்றி மட்டும் ஊற்றக் கூடாது. அளக்க வந்ததையே மாற்றிவிடும். சிமென்ட் தரையா? ஸ்பைக்கைப் படுக்கவைத்து ஈரச் சாக்கால் மூடினாலே வேலை நடக்கும். அளக்க நல்ல மாதம் மே. ஐப்பசி மழையில் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

100 ஓம்-மீட்டர் மின்தடைத்திறன் உள்ள மண்ணில் 16 மி.மீ தடிமனுள்ள 3 மீட்டர் ராடு ஏறத்தாழ 33 ஓம் காட்டும். தடிமனை இரட்டித்தால் 30. நீளத்தை இரட்டித்தால் 19. காசை நீளத்தில் போடுங்கள். பாறை தட்டினால் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இன்னொரு ராடு அடித்து இரண்டையும் இணையுங்கள். அமெரிக்க மின்விதிப்படி ஒற்றை ராடு 25 ஓமைத் தாண்டினால் இரண்டாவது ராடு கட்டாயம். மின்னலை நினைத்தால் 10க்குக் கீழே கொண்டுவருவது நல்லது.

ஆனால் 5 ஓம் வந்துவிட்டதால் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) எர்த்தும் சரி என்று எண்ண வேண்டாம். ராடுக்குப் போகும் 3 மீட்டர் கம்பியே 14 மெகாஹெர்ட்ஸில் 250 ஓமுக்கு மேல் தடுக்கும்.

கழற்றிய எர்த் கம்பியைத் திரும்ப மாட்டி, போல்ட்டை இறுக்கிய பிறகுதான் மெயின்.