கை வைக்காத ஏர் ரைஃபிள் எவ்வளவு துல்லியம்? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

முதல் ஏர் ரைஃபிள் வாங்கிய இரண்டாவது மாதமே நான் அதைக் கழற்றிப் பிரித்துவிட்டேன். பத்து மீட்டரில் சுட்டால் ஓட்டைகள் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குப் பரவி விழுந்தன. "ஸ்பிரிங்கை மாத்துங்க, அப்பத்தான் நேராப் போகும்" என்று ஒருவர் சொன்னார். மாற்றினேன். டிரிகரின் உள்பாகத்தையும் கொஞ்சம் தேய்த்தேன். அது எவ்வளவு ஆபத்தான வேலை என்று பிறகுதான் தெரிந்தது. தேய்ந்த டிரிகர் தொடாமலே வெடிக்கலாம். இத்தனைக்குப் பிறகும் ஓட்டைகள் அதே எலுமிச்சம்பழ அகலத்தில்தான் விழுந்தன. சில மாதம் கழித்து கிளப்பில் மூத்தவர் ஒருவர் தன் டப்பாவிலிருந்து பத்து பெல்லட்டை (ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக் குண்டு) என் உள்ளங்கையில் கொட்டி, "இதப் போட்டுச் சுடு தம்பி" என்றார். பரவல் பாதியாகக் குறைந்துவிட்டது.

புதிதாக வாங்குபவர்கள் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பெட்டியிலிருந்து எடுத்த ரைஃபிளில் எதையும் மாற்றாமல், அதனால் என்ன முடியும் என்று முதலில் அளந்துவிடுங்கள். அளக்காமல் மாற்றினால், மாற்றியதால் பலன் உண்டா இல்லையா என்று கடைசிவரை தெரியவே தெரியாது.

நான் சொல்வது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு, அதாவது உள்ளே ஒரு ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளி, அது அழுத்தும் காற்றால் பெல்லட்டைச் செலுத்தும் வகைக்கு. பெரும்பாலானோர் முதலில் வாங்குவது அதைத்தான். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. முடிந்தால் கிளப் ரேஞ்சிலேயே சோதியுங்கள். வீட்டில் என்றால், டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டை விழுங்கிக்கொள்ளும் பெட்டி, அதற்குப் பின்னால் ஆள் வர வழியே இல்லாத சுவர், கண்ணுக்குக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

படி 1: எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஐந்து ஷாட்டும் நடுப்புள்ளியை விட்டு இடது பக்கம் மூன்று செ.மீ. தள்ளி, ஆனால் ஒரே ஓட்டையாக விழுந்தால் அது நல்ல ரைஃபிள். சைட்டை (குறி பார்க்கும் கருவியை) திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். நடுவைச் சுற்றி நாலாபுறமும் சிதறினால் எந்தச் சைட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இந்தச் சிதறலின் அளவைத்தான் குரூப் என்கிறோம். சோதனை முழுக்க நாம் பார்க்கப்போவது குரூப்பை மட்டும்தான். நடுவில் விழுகிறதா என்று கவலைப்படாதீர்கள்.

எவ்வளவு சிறிய குரூப் போதும்? அதற்கு 10 மீட்டர் டார்கெட் அட்டையே பதில் சொல்லும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. கருப்பு வட்டம் முழுவதும் 30.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. என்பதால், அதன் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. அதாவது எல்லா ஷாட்டின் மையங்களும் 5 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால், அந்த ரைஃபிள் பத்து பத்தாகவே அடிக்கக்கூடியது. 10 மி.மீ. வட்டம் என்றால் ஒன்பதுக்குக் குறையாது, 15 மி.மீ. என்றால் எட்டுக்குக் குறையாது. 5, 10, 15 இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 2: கழற்றாமல் செய்ய வேண்டியவை

ஸ்டாக்கை (ரைஃபிளின் கட்டைப் பாகத்தை) பிடித்திருக்கும் திருகுகளைச் சரியான திருப்புளியால் இறுக்குங்கள். முன்பக்கம் இரண்டு, டிரிகர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு ஷாட்டிலும் உதறுவதால் இவை தானாகவே தளரும். திருகு தளர்ந்த ரைஃபிள் எதைப் போட்டாலும் சிதறத்தான் செய்யும். ஸ்கோப் போட்டிருந்தால் அதன் மவுண்ட் திருகுகளும் அப்படியே.

பேரலில், அதாவது குழலில், தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். தூண்டில் நரம்பை இரண்டாக மடித்துப் பேரலுக்குள் விட்டு, சிறிய பருத்தித் துணியை அதில் கோத்து, பெல்லட் வைக்கும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். துணி சுத்தமாக வரும்வரை நாலைந்து தடவை. எண்ணெயோ வேறு திரவமோ ஊற்ற வேண்டாம். பேரலை மடித்துத் திறக்கும் ரைஃபிளில் பெல்லட் வைக்கும்போது ஒரு கையால் பேரலைப் பிடித்துக்கொண்டே இருங்கள். அது விடுபட்டு மேலே அடித்தால் விரல் போய்விடும்.

அப்புறம் பேரல் மூடும் இடத்தில் டிஷ்யூ பேப்பரின் மெல்லிய துண்டு ஒன்றை வைத்து ஒரு ஷாட் சுடுங்கள். பேப்பர் பறந்தால் அங்கே காற்று கசிகிறது. அதை நீங்களே சரிசெய்யாமல் வாரண்டியில் திருப்பிக் கொடுங்கள்.

படி 3: 200 பெல்லட் பொறுமை

புது ஸ்பிரிங் ரைஃபிளில் முதல் சில டஜன் ஷாட்டுகள் படார் படார் என்று வெடிக்கும், கொஞ்சம் புகையும் வரும். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய், காற்று அழுந்தும் சூட்டில் பற்றி எரிவதுதான் காரணம். அந்த நிலையில் ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும், குரூப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஏறத்தாழ 200 பெல்லட் சுட்டு, சத்தம் ஒரே மாதிரி ஆனபிறகு சோதனையை ஆரம்பியுங்கள். பெல்லட் இல்லாமல் மட்டும் சுடாதீர்கள். முன்னால் காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் இரும்பில் மோதிக் கெட்டுவிடும்.

படி 4: பிடிக்கும் முறை

பெரும்பாலான புதியவர்கள் இங்கேதான் தவறி, பழியை ரைஃபிள் மேல் போடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது, அதனால் ரைஃபிள் பின்னே வருகிறது. பிஸ்டன் முன்முனையில் போய் முட்டியதும் ரைஃபிள் முன்னே குதிக்கிறது. இவ்வளவும் பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆக, ஆடிக்கொண்டிருக்கும் குழலிலிருந்துதான் பெல்லட் கிளம்புகிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆட விடலாம், அவ்வளவுதான்.

எனவே ஸ்பிரிங் ரைஃபிளை நேரடியாக மணல் பையின் மேல் வைக்காதீர்கள். மணல் பையின் மேல் உங்கள் கையை வையுங்கள், விரித்த உள்ளங்கையில் ரைஃபிளைக் கிடத்துங்கள். விரல்கள் ஸ்டாக்கை இறுக்கக் கூடாது. டிரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால் ரைஃபிள் சமநிலையில் நிற்கும் இடம் நல்ல தொடக்கம். அந்த இடத்தில் ஒரு சிறு டேப் ஒட்டிவிட்டால் அடுத்த தடவையும் அங்கேயே வைப்பீர்கள். தோளில் தொட்டும் தொடாமலும் வையுங்கள், கன்னத்தை அழுத்தாதீர்கள். பிடியில் முறுக்கம் இருந்தால் அது குரூப்பில் தெரிந்துவிடும்.

வெடித்தபிறகும் ஒரு விநாடி அப்படியே இருங்கள். ஓட்டையைப் பார்க்கும் ஆவலில் தலையைத் தூக்குவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். எனக்கு அதை விட ஒரு வருடம் ஆனது.

காற்றை முன்பே அடைத்து வைத்துச் சுடும் பி.சி.பி. ரைஃபிளில் இந்த உதறல் கிடையாது. அதை மணல் பையிலேயே வைத்துச் சுடலாம்.

படி 5: சைட்

பெட்டியில் வந்த ஓப்பன் சைட்டே போதும். பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் நடுவாக, மேல்விளிம்பு சமமாக நிற்க வேண்டும். கருப்பு வட்டத்தை அதற்கு மேல் உட்கார வையுங்கள். கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது முன் சைட்டை, வட்டம் மங்கலாகவே இருக்கட்டும். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இரண்டு சைட்டுக்கும் இடையே 45 செ.மீ. இருக்கும் ரைஃபிளில் முன் சைட் வெறும் 0.1 மி.மீ. விலகினாலும் பத்து மீட்டரில் 2.2 மி.மீ. தள்ளிப் போய்விடும். பத்துக்கும் ஒன்பதுக்கும் உள்ள இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

படி 6: பெல்லட் சோதனை

நாலைந்து வகை பெல்லட் வாங்குங்கள். அதில் குறைந்தது இரண்டு, தட்டைத் தலை மேட்ச் பெல்லட்டாக இருக்கட்டும். பேப்பரில் சுத்தமான வட்ட ஓட்டை போடும், அளக்க வசதி. 0.5 கிராம் பக்கம் எடை உள்ளவை பத்து மீட்டருக்குப் போதும். பாவாடை, அதாவது பெல்லட்டின் விரிந்த பின்விளிம்பு, நசுங்கியதை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

பெல்லட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? ஒவ்வொரு பேரலின் உள்ளளவும் மயிரிழை வித்தியாசப்படும். பெல்லட் தலையும் 4.49, 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று வெவ்வேறு அளவில் வருகிறது. எது எதற்குப் பொருந்தும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒலிம்பிக் தரத்தில் 0.22 அங்குலத் தோட்டா ரைஃபிள் சுடுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவா, இங்கிலாந்தின் பர்மிங்காமில் எலி ஆகிய தோட்டா நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்குத் தங்கள் ரைஃபிளைக் கொண்டுபோய், பிடிமானத்தில் பூட்டி, எந்தத் தயாரிப்புத் தொகுதி தன் பேரலுக்குச் சேருகிறது என்று பார்த்து வாங்குகிறார்கள். உலகத்தின் மிகச் சிறந்த பேரல்களுக்கே இது தேவைப்படுகிறது என்றால் நம்முடையதைச் சொல்லவே வேண்டாம்.

பெல்லட் மாற்றியதும் முதல் பத்து ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், பேரல் புது ஈயத்துக்குப் பழகட்டும். பிறகு ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஷாட் கொண்ட ஐந்து குரூப். ஒவ்வொரு குரூப்புக்கும் தனி அட்டை, அதன் ஓரத்தில் பெல்லட் பெயர், தேதி. உங்கள் கை தவறியதால் விலகிய ஷாட் என்றால், ஓட்டையைப் பார்ப்பதற்கு முன்பே அதை எழுதிவிடுங்கள். பார்த்தபிறகு "இது என் தப்பு" என்று தள்ளுபடி செய்வது ஏமாற்று.

மூன்று ஷாட்டோடு நிறுத்தி மகிழ்ந்துபோகாதீர்கள். ஒரு ரைஃபிள் மூன்று ஷாட்டில் சராசரியாக 10 மி.மீ. குரூப் கொடுத்தால், அதே ரைஃபிள் அதே பெல்லட்டில் ஐந்து ஷாட்டுக்கு 12.7 மி.மீ. அளவிலும் பத்து ஷாட்டுக்கு 15.8 மி.மீ. அளவிலும் கொடுக்கும். ரைஃபிள் கெட்டுப்போகவில்லை, சிதறலின் கணக்கு அப்படி. அமெரிக்காவின் வெதர்பி நிறுவனம் தன் ரைஃபிள்களுக்கு 100 கெஜத்தில் 0.99 அங்குலத்துக்குள் என்று உத்தரவாதம் தருகிறது. அது மூன்று ஷாட் குரூப்புக்கு, தரமான தோட்டாவோடு. பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த எண்ணை உங்கள் பத்து ஷாட் குரூப்போடு ஒப்பிட்டால் வீணாக மனம் உடைவீர்கள்.

படி 7: அளப்பது

ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியுள்ள இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை வெர்னியரில் அளங்கள். தனியாக விழுந்த ஒரு ஓட்டையின் விட்டத்தை அதிலிருந்து கழியுங்கள். மையத்திலிருந்து மையத்துக்கான அளவு வந்துவிடும். ஐந்து குரூப்பின் சராசரிதான் உங்கள் எண். மிகச் சிறிய குரூப்பை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள ஆசை வரும். எடுங்கள், ஆனால் நோட்டில் சராசரியை எழுதுங்கள்.

படி 8: அட்டை சொல்வதைப் படிப்பது

இப்போது அந்த 5, 10, 15. நான் பார்த்தவரை, குறைந்த விலை ஸ்பிரிங் ரைஃபிள்கூட சரியான பெல்லட்டில் 10 மி.மீ. பக்கம் வந்துவிடுகிறது. எல்லா வகை பெல்லட்டிலும் 15-ஐத் தாண்டினால் முதலில் திருகுகள், பிறகு பிடி. அடுத்து, நன்றாகச் சுடும் ஒருவரிடம் அதே ரைஃபிளைக் கொடுத்து ஐந்து ஷாட் சுடச் சொல்லுங்கள். அவருக்குச் சின்னதாக வந்தால் விடை கிடைத்துவிட்டது. அவருக்கும் சிதறினால் ரைஃபிளைக் கடைக்குக் கொண்டுபோக உங்கள் கையில் அட்டைகள் இருக்கின்றன.

குரூப் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது: திருகு, சைட், இல்லை பேரல் மூட்டு. மேலும் கீழுமாக நீண்டால் உடனே வேகத்தைச் சந்தேகிப்பார்கள். பத்து மீட்டரில் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் அந்தத் தூரத்துக்குள் ஒன்றரை செ.மீ.க்குச் சற்று அதிகமாகத்தான் தாழ்கிறது. வேகம் விநாடிக்கு 5 மீட்டர் குறைந்தாலும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மி.மீ.தான். அதைவிட உங்கள் உள்ளங்கை இடம் மாறியிருப்பதற்கும், முன் சைட் உயரம் மாறியிருப்பதற்கும்தான் வாய்ப்பு அதிகம்.

ஜெயித்த பெல்லட்டில் மூன்று நான்கு டப்பா ஒரே தொகுதி எண்ணில் வாங்கிவிடுங்கள். அட்டைகளை வீசாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். 1,000 பெல்லட் தாண்டியதும் திருகுகளை இறுக்கிவிட்டு, அதே பெல்லட், அதே மணல் பை, அதே டேப் ஒட்டிய இடம் என்று மறுபடி ஐந்து குரூப் சுட்டு, பழைய அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.